417ஆம் எண்ணுக்குப் பிரசவ விடுப்பு

ஆன்சைட் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அமெரிக்காவா, லண்டனா?" என்பதுதான். போச்சம்பள்ளி என்றேன். அவள் திரும்பிப் போய் வெண்டைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். மென்பொருள் கம்பெனிகளில், வேலை கொடுத்தவர் இடத்துக்கே போய் வேலை பார்ப்பதற்கு ஆன்சைட் என்று பெயர். என்னோடு படித்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பனி கொட்டும் ஊர்களுக்குப் போய், தொப்பி போட்டுக்கொண்டு படம் அனுப்புகிறார்கள். திருநெல்வேலியில் பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்யும் எங்கள் கம்பெனிக்கு வாய்த்த வெளிநாடு கிருஷ்ணகிரி மாவட்டம்.

வெளிநாடு என்பதில் முழுப் பொய்யும் இல்லை. திங்கட்கிழமை காலை ஓசூரில் இறங்கி நின்றபோது என் செல்போன் கன்னடத்தில் ஒரு செய்தி அனுப்பி என்னைக் கர்நாடகத்துக்கு வரவேற்றது. கொஞ்சம் பதறிப்போய் பக்கத்தில் நின்றவரிடம், "இது ஓசூர்தானே?" என்று கேட்டேன். "ஓசூர்தான். உங்க போனு எந்த டவரு கெடைக்குதோ அதப் புடிச்சிக்கும். நீங்க அதக் கேக்காதீங்க, எங்களக் கேளுங்க" என்றார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஓசூரில் ஒரு யூனிட், போச்சம்பள்ளியில் ஒரு யூனிட். போச்சம்பள்ளி யூனிட்டைப் பிற்பாடுதான் வேறு ஒருவரிடமிருந்து வாங்கினார்கள். அதனால் இரண்டுக்கும் ஆள் விவரம் தனித்தனி டேட்டாபேஸ். இரண்டிலும் தொழிலாளர் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். கல்யாணம் முடிந்தும் தனித்தனி அடுப்பு வைத்திருக்கிற குடும்பம் மாதிரி. இந்த இரண்டையும் ஒரே அப்ளிகேஷனில் இணைத்து, யார் விடுப்பில் இருக்கிறார்கள், யார் எந்தக் கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள் என்றெல்லாம் காட்டுகிற வேலையை எங்கள் கம்பெனி செய்து கொடுத்தது. எழுதியவன் நான். மூன்று வருடமாக ஓடுகிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

போச்சம்பள்ளி யூனிட்டில் கவிதா என்று ஒரு பெண். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. பிரசவத்துக்காக அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், மலையில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவளுடைய விடுப்பு பதிவில் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவள் என்று அப்ளிகேஷன் காட்டுகிறது. வியாழக்கிழமை அவள் பெயரை நீக்கிவிடுவார்கள். விடுப்பைப் பதிவு செய்ய வேண்டிய டைம் ஆபீஸ் கிளார்க் மஞ்சுளா, நான் பதிவு செய்தேன் என்கிறார். அப்ளிகேஷன் இல்லை என்கிறது.

"நம்ம அப்ளிகேஷன் பொய் சொல்லாதுல்லா?" என்று சொல்லி எங்கள் மேனேஜர் ஒரு கடிதத்தை அடித்து என் பையில் வைத்துவிட்டார். 'என் கவனக்குறைவால் பதிவு விடுபட்டது' என்று மஞ்சுளா கையெழுத்துப் போட வேண்டிய கடிதம். அதை வாங்கிக்கொண்டு வருவதுதான் என் ஆன்சைட்.

தங்குவதற்குக் கம்பெனியின் விருந்தினர் அறை ஓசூரில் இருந்தது. எதிரே ஒரு மெஸ். அங்கே சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சாம்பாரில் இனிப்பு தட்டினால் சமைத்தவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இங்கே எல்லாரும் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்குகிறார்கள். ஒரு காபியை வாங்கி இரண்டு பேர் பாதிப் பாதியாகக் குடிப்பதற்கு 'பை டூ' என்று பெயர். தனி ஆளாகப் போன நான் தெரியாமல் பை டூ கேட்டுவிட்டு, இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன். மெஸ்காரம்மா பார்த்த பார்வை போதுமானதாக இருந்தது.

அந்த அம்மாவைத்தான் நான் அதிகம் வேடிக்கை பார்த்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடி ஒருவரிடம் தெலுங்கு, அடுத்தவரிடம் கன்னடம், என்னிடம் தமிழ், நடுவில் யாரோ ஒரு வடநாட்டுப் பையனிடம் இந்தி. ஒரு வார்த்தைகூட ஆள் மாறி விழவில்லை. ஒவ்வொரு முறையும் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் போச்சம்பள்ளி போனேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் வழி முழுக்கத் தெலுங்கில் ஒரு நாத்தனாரைப் பிரித்து மேய்ந்துகொண்டு வந்தார்கள். தெலுங்கு தெரியாத எனக்கே கடைசியில் அந்த நாத்தனார் மேல் கோபம் வந்துவிட்டது.

டைம் ஆபீஸில் மஞ்சுளாவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கலாம். கண்ணாடி. மேஜையில் ஒரு தூசி இல்லை. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்கதான் அந்தப் புரோகிராமு எழுதினவருங்களா? உக்காருங்க. தண்ணி குடிங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

கடிதம் பையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நான் போட்டன் சார். அந்தப் பொண்ணு இதே நாற்காலில பையோட உக்காந்திருந்துச்சு. ஒம்பதாவது மாசம். அன்னிக்கு ஒரே மழ, லைனு விட்டு விட்டு வருது. நம்பர அடிச்சன், கவிதான்னு பேரு வந்துச்சு, லீவப் போட்டன், சேவ் ஆச்சுன்னு வந்துச்சு. அதப் பாத்துட்டுதான் அது எழுந்திருச்சுது."

நான் மடிக்கணினியைத் திறந்து போச்சம்பள்ளி டேட்டாபேஸைக் காட்டினேன். அந்தத் தேதியில் கவிதாவுக்கு ஒன்றுமே இல்லை. இல்லை என்பதைக் கொஞ்சம் அழகாகவே விளக்கினேன்.

"சரிங்க. அப்ப சேவ் ஆச்சுன்னு எதுக்குச் சொல்லுச்சு?"

மடிக்கணினியை மூடிவிட்டு, சாப்பிடப் போகலாம் என்றேன்.

கேன்டீனில் களியும் கீரைக்குழம்பும். உருண்டையைப் பிட்டு வாயில் போட்டு அல்வாவை மெல்வது மாதிரி மென்றேன். மேஜையில் இருந்த எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "மெல்லக் கூடாது சார், முழுங்கணும்" என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். முழுங்கினேன். நெஞ்சில் நின்றது. முதுகில் தட்டிவிட்டவர் மஞ்சுளாதான். எந்த ஆளிடம் கையெழுத்து வாங்க வந்தேனோ அவர் என் உயிரைக் காப்பாற்றியது அவ்வளவு சௌகரியமாக இல்லை.

ஹெச்.ஆர். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். மரியாதையான மனிதர். "பாருங்க தம்பி, சின்ன விஷயம். அந்தம்மா தப்புன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, லீவை இன்னிக்கே சேத்துடுவேன். அந்தப் பொண்ணு வேலையும் தப்பிச்சுது. இவங்களை ஸ்டோருக்கு மாத்திடுவோம். அவ்வளவுதான். பதிவும் இல்லாம, கையெழுத்தும் இல்லாம நான் எதை வெச்சு லீவு குடுக்கறது?"

வெளியே வந்து இதை மஞ்சுளாவிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"பதினோரு வருசமா இந்த மேஜையில இருக்கறன் சார். தப்புப் போட்டன்னு ஒரு தரம் எழுதிக் குடுத்தா, இனிமே இந்தக் கம்பெனில எது காணாமப் போனாலும் மஞ்சுளாதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அந்தப் பொண்ணு மலைமேல கெடக்குது. போனு போட்டா சிக்னல் கெடைக்கறதில்ல. வேல போச்சுன்னு லெட்டரு போயி, அத அது கையில கொழந்தைய வெச்சிக்கிட்டுப் படிக்கணுமா? வியாழக்கிழமை காலைல கையெழுத்துப் போட்டுடறன். அதுக்குள்ள நீங்க ஒழுங்காத் தேடுங்க."

நான் தேடுவதற்காக வரவே இல்லை.

புதன்கிழமை காலை எழுந்திருக்க முடியவில்லை. களி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. காலை பஸ் போய்விட்டது. இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற பஸ் முற்பகலில் வரும் என்றார்கள். வெயிலில் நின்றேன். அதே நிறம், அதே கம்பெனிப் பெயர் போட்ட ஒரு பஸ் வந்தது. டிரைவரிடம் கேட்டேன்: "கம்பெனி பஸ்தானே?" "ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டார். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. எதற்கும் ஏறி வைப்போம் என்று ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன்.

விழித்தபோது இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ். தூரத்தில் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். போச்சம்பள்ளியில் நேற்றுவரை தென்னந்தோப்பு இருந்ததே என்று யோசித்தபடி, பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். மதுரைக்காரர், ஓசூர் யூனிட்டில் வேலை. "இது பேரிகைண்ணே. ஆள ஏத்திக்கிட்டு ஓசூர் யூனிட்டுக்குத்தான் போகும். நீங்க எங்க போகணும்?" சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சியை நான் மறக்க மாட்டேன்.

அப்போதுதான் வாசலில் சண்டை ஆரம்பித்தது. பேரிகை நிறுத்தத்தில் ஓர் இளைஞன் ஏறப் பார்க்கிறான். டிரைவர் கையால் மறிக்கிறார். தெலுங்கும் கன்னடமுமாகப் பறந்ததை மதுரைக்காரர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"என் போன்ல உன் பேரு செகப்பா இருக்கு, ஏத்த முடியாதுங்கறாரு டிரைவர்."

"அவர் என்ன சொல்றாரு?"

"பத்து நாளா இதேதான் சொல்றே, நான் வேலைக்குத்தானே வர்றேன்ங்கறான்."

"டிரைவர்?"

"பிரசவ லீவுல இருக்கறவங்களை ஏத்தி, வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்புங்கறாரு."

பஸ்ஸே அதிர்ந்தது. பின்னால் இருந்த ஓர் அம்மா எத்தனாவது மாசம் என்று கேட்டார். இன்னொருவர் தன் தோட்டத்தில் புளிப்பு மாங்காய் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவரவா என்று விசாரித்தார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான், இந்தப் பட்டியலை டிரைவர் போனுக்கு அனுப்புவது என்னுடைய அப்ளிகேஷன் என்பது நினைவுக்கு வந்தது.

எழுந்து போய் அந்த இளைஞனிடம் தொழிலாளர் எண்ணைக் கேட்டேன்.

"நானூத்திப் பதினேழு சார்."

கவிதாவின் எண் 417. போச்சம்பள்ளியில்.

என் பொறுப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று டிரைவரிடம் சொல்லி, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பெயர் நாகராஜ். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். "டவுன் பஸ்ல போறன் சார் டெய்லி. கேட்ல நோட்டுல எழுதிட்டு உள்ள உடறாங்கோ. ஓசூர் ஆபீஸ்ல கேட்டா, சிஸ்டத்துல அப்படித்தான் இருக்குது, நாங்க என்னா பண்றதுங்கறாங்கோ. வீட்ல எனக்குப் பொண்ணு பாக்கறாங்க சார். ஊர் பூரா நான் மாசமா இருக்கறன்னு பேச்சு." போனை நீட்டினான். தினமும் காலையில் அவனுக்கு ஒரு செய்தி: மருத்துவர் சான்றை இணைக்கவும், தாயும் சேயும் நலமாக இருக்க வாழ்த்துகள். அந்த வாழ்த்தை எழுதியவனும் நான்தான். எழுதியபோது ரொம்பப் பரிவாக இருக்கிறது என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

ஓசூர் யூனிட்டில் உட்கார்ந்து ஓசூர் டேட்டாபேஸைத் திறந்தேன். இருந்தது. மஞ்சுளா சொன்ன அதே தேதி, அதே நேரம், அவருடைய பெயரிலேயே பதிவு: 417ஆம் எண்ணுக்குப் பிரசவ விடுப்பு. பத்து நாளாக எல்லாரும் இல்லை இல்லை என்று சொன்னது, வேறு வீட்டில் பத்திரமாக இருந்தது. நாங்கள் தேட வேண்டிய இடத்தில் மட்டும் தேடியிருக்கிறோம்.

எப்படி வந்தது என்று பார்க்க நான் எழுதியதை நானே படித்தேன். அரைமணி நேரத்தில் அந்த வரி கிடைத்தது. இரண்டு டேட்டாபேஸுக்கும் தனித்தனி கனெக்‌ஷன். போச்சம்பள்ளி ஆள் பதிவு செய்தால் போச்சம்பள்ளி கனெக்‌ஷனில் எழுத வேண்டும். அந்தக் கனெக்‌ஷன் நடுவில் அறுந்துபோனால்? பதிவாகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அப்ளிகேஷன் சரியில்லை என்பார்களே என்று, முதலில் திறந்து வைத்திருக்கும் கனெக்‌ஷனில் எழுதிவிடு என்று ஒரு வரி போட்டிருந்தேன். முதலில் திறந்திருப்பது எப்போதும் ஓசூர். வரிக்குப் பக்கத்தில், பின்னால் படிப்பவர்களுக்காக என் கையால் ஒரு குறிப்பு: 'எதுக்கும் இருக்கட்டும்.'

எதற்கு என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம். மெஸ்காரம்மா தெலுங்கு வரவில்லை என்றால் பேசாமல் இருப்பாரே தவிர, தெலுங்குக்காரரின் சங்கதியைக் கன்னடக்காரரிடம் சொல்லிவிட்டு, சொல்லியாச்சு என்று தலையாட்ட மாட்டார். அதைத்தான் என் அப்ளிகேஷன் செய்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. பதினோரு வருடம் தூசி படியாத மேஜை வைத்திருந்தவரிடம் அல்லவா அழகாக விளக்கியிருக்கிறேன்.

எங்கள் மேனேஜருக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, "ஏ, லைன் பிரச்சினைன்னு சொல்லிரும். மழை பெஞ்சுதுன்னு அந்தம்மாவே சொல்லுதால்லா? மழை மேல போடும். எழுத்துல மட்டும் ஒண்ணும் குடுத்துராதயும்" என்றார். மழை மறுத்துப் பேசாது என்பது உண்மைதான். ஒரு காபி குடிக்கிற நேரம் எனக்கும் அந்த ஆசை இருந்தது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய் நின்றேன். இந்த முறை எந்த ஊர் என்று டிரைவரிடம் இரண்டு தடவை கேட்டேன். ஹெச்.ஆர். மேனேஜர் அறைக்கு முன்னால் மஞ்சுளா கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"கெடைச்சுதுங்களா?"

"கெடைச்சிருச்சு. பேரிகையில."

அவர் என்னை நம்பவில்லை. உள்ளே போனதும் கடிதத்தை எடுத்தேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். நான் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, பேனாவை இரவல் வாங்கி, பின்பக்கத்தில் இரண்டு கட்டம் வரைந்தேன். ஓசூர், போச்சம்பள்ளி. நடுவில் அறுந்த ஒரு கோடு. விளக்கி முடித்ததும் நாகராஜின் கதையைச் சொன்னேன். ஹெச்.ஆர். மேனேஜர் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சுளா சிரிக்கவில்லை.

"ஆம்பளைக்குப் பிரசவ லீவு போட்டா உங்க புரோகிராமு கேக்காதுங்களா?"

"கேக்கும். ஆனா கேட்டது இங்க, கவிதாவப் பாத்து. எழுதினது அங்க, நாகராஜ் மேல. நடுவுல லைன் போயிருச்சு."

"அப்ப லைன் பிரச்சினைதானே தம்பி?" என்றார் ஹெச்.ஆர். மேனேஜர். வாசல் திறந்துதான் இருந்தது. வெளியே ஓடிவிடலாம்.

"லைன் போறது இங்க வழக்கந்தானே சார். போனா போச்சுன்னு சொல்லணும். சொல்லாம மறைச்சது நான். என் தப்பு" என்றேன். சொன்ன பிறகு களி இறங்கின மாதிரி இருந்தது.

அந்த வரியை அழித்துவிட்டேன், இனிமேல் லைன் போனால் பதிவாகவில்லை என்றே சொல்லும் என்றேன். மஞ்சுளா எழுந்து போய்க் கவிதாவின் விடுப்பைப் புதிதாகப் பதிவு செய்தார். ஹெச்.ஆர். மேனேஜர் அஞ்செட்டிக்குப் போக வேண்டிய வேலைநீக்கக் கடிதத்தைத் தன் கையாலேயே கிழித்தார். வேலை முடிந்தது என்று நான் பையை எடுத்தேன்.

"எங்க போறீங்க? நாகராஜு லீவ யாரு கேன்சல் பண்றது?"

"நீங்களே பண்ணலாம்."

"என் பேருல ஆம்பளைக்குப் பிரசவ லீவு போட்டதே போதுங்க. நீங்க உங்க பேருல பண்ணுங்க. காரணம்னு ஒரு கட்டம் வரும் பாருங்க, அத நெரப்பணும்."

உட்கார்ந்தேன். 'நிர்வாகக் காரணம்' என்று அடித்தேன். என் தோளுக்குப் பின்னால் இருந்து, "அத அழிங்க" என்றார். 'தொழில்நுட்பக் காரணம்' என்றேன். "அதையும்." அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்: 'இந்த விடுப்பு தவறாக இங்கே பதிவானது. தவறு இந்த அப்ளிகேஷனை எழுதியவருடையது. பதிவு செய்த மஞ்சுளாவுடையது அல்ல.' சேமித்தேன். பதிவாகிவிட்டது என்று வந்தது.

மஞ்சுளா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜைப் போனை எடுத்து ஓசூர் ஆபீஸைக் கூப்பிட்டார். கன்னடத்தில் ஏதோ சொன்னார். 417ஐத் திறந்து அங்கே என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்பீக்கரைப் போட்டார். டைம் ஆபீஸில் இருந்த ஐந்து பேரும் வேலையை நிறுத்தினார்கள். ஓசூர் கிளார்க் கன்னடக்காரர். தமிழை எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி கடைசி எழுத்துவரை படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் மஞ்சுளா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

படித்து முடித்துவிட்டு அந்தக் குரல் தமிழிலேயே கேட்டது: "யாருங்க மேடம் அது, அப்ளிகேஷன் எழுதுனவரு?"

மஞ்சுளா போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான்தான்" என்றேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். லைனு விட்டு விட்டு வருது."